புழுதிக்குக் கணக்கு எழுதியது யார்? வேலூர் - ஆம்பூர் ரோடுகளும் வாசல்களும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் ஒரு கிராவல் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மினி பஸ் போகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு அந்த ரோடு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ரோட்டோர வீட்டுக்கு அது அரை மணி நேர வேலை. திண்ணை, ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துணி, குடத்து மூடி, வாசலில் நிறுத்திய பைக்கின் சீட் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் ஒரு படலம். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த லாரி!

புழுதி ரோட்டில் குடியிருப்பவர்கள் வீட்டையும் வண்டியையும் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு யோசனைகள் நிறைய உண்டு. ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. ரோடு போடும் செலவுக்கு ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் கணக்கு எழுதியிருக்கிறார். அந்த ரோட்டிலிருந்து கிளம்பும் புழுதியைக் கூட்டிப் பெருக்கும் செலவு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தோல் தொழிலுக்குப் பேர் போன இந்த வட்டாரத்தில் அந்தக் கதையைப் பார்ப்பது இன்னும் பொருத்தம். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

பாலாற்றங்கரை வழி

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் வழி ராணிப்பேட்டையைத் தாண்டியதும் பாலாற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை மலைகள். நடுவில் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி. மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏற வேண்டியவர்களும் அங்கிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்க வேண்டியவர்களும் இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார்கள். 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் போரில் இறந்தது ஆம்பூரில்தான். எதிரிப் படை இறங்கி வரும் வழியை மறிக்கத்தான் அவர் அங்கே போய் நின்றார். அந்த அளவுக்கு முக்கியமான வழி இது.

படைகளுக்குப் பிறகு மாட்டு வண்டிகள் வந்தன. தானியம், வெல்லம், பருத்தி, தோல், தோல் பதனிட வேண்டிய ஆவாரம் பட்டை, கடுக்காய் எல்லாம் வண்டியில்தான் போயின. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு தண்டவாளம் பாலாற்றங்கரையோரமாகவே மேற்கே நீண்டது. ரயில் வந்ததால் வண்டிகள் குறைந்துவிடவில்லை. ஊர்களிலிருந்து ஸ்டேஷனுக்குச் சரக்கு கொண்டுவரும் கிளை ரோடுகளில் வண்டிகள் இன்னும் அதிகமாயின. புழுதியும்தான்.

அந்த ரோடுகளுக்குப் பணம் கொடுத்தது யார்? 1866இல் மதராஸ் மாகாணத்தில் நிலவரியோடு சேர்த்து ரோட்டுக்கென்று தனி வரி விதித்தார்கள். 1871இல் உள்ளாட்சி நிதிச் சட்டம் வந்தது. 1884 சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ரோடுகளைப் பார்த்துக்கொண்டன. வண்டிகளிடம் டோல் கேட்டுகளில் சுங்கமும் வாங்கினார்கள். ஆகவே உழுகிறவர் வரி கட்டினார், வண்டி ஓட்டுகிறவர் சுங்கம் கட்டினார். ரோட்டோரம் குடியிருந்தவர் வீட்டுப் பெண்கள் புழுதியைக் கூட்டினார்கள். முதல் இரண்டுக்கும் ரசீது உண்டு. மூன்றாவதற்கு ரசீதும் இல்லை, கூலியும் இல்லை.

கப்பி ரோடு என்ற அதிசயம்

அதற்கு முன் பெரும்பாலான ரோடுகள் வெறும் மண் தடம். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் புழுதி. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லவ்டன் மெக்காடம் (1756 - 1836). பெரிய கற்களை அடுக்கித் தளம் போட வேண்டியதில்லை, கல்லைச் சிறு சிறு ஜல்லியாக உடைத்துப் பரப்பினால் போதும், அடியிலிருக்கும் மண்ணில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த மண்ணே பாரத்தைத் தாங்கும் என்றார் அவர். ரோட்டின் நடுவைச் சற்று மேடாக்கி இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டச் சொன்னார். தமிழில் கப்பி ரோடு என்று சொல்வது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கப்பி ரோட்டுக்குப் புழுதி வேண்டும்! இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் ஜல்லியின் மேல் உருளும்போது கல் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும். அந்தக் கல்மாவு ஜல்லிகளுக்கு நடுவிலிருக்கும் இடுக்கில் இறங்கும். மழையோ, ஊற்றிய தண்ணீரோ அதை நனைத்து இறுக்கும். அதாவது ரோட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசையே புழுதிதான். அந்தப் பசை ஈரமாக இருக்கும்வரை ரோட்டிலேயே இருக்கும். காய்ந்தால் வீட்டுக்குள் வந்துவிடும். வேலூர் வெயிலில் அது எத்தனை சீக்கிரம் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த கண்டோன்மென்ட் பகுதிகளில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்தார்கள். ஆட்டுத்தோலில் செய்த பையில் தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு பிஸ்தி என்ற தண்ணீர்க்காரர் ரோடு நெடுகத் தெளித்துக்கொண்டே போவார். வயல் கிணறுகளில் மாடு கட்டி இறைத்த கவலைச் சாலுக்கும் தோல்தான் வேண்டும். அந்தக் காலத்தில் தோலும் தண்ணீரும் அப்படிச் சிநேகமாக இருந்தன.

ஊருக்குள் பிஸ்தி கிடையாது. அங்கே புழுதியை அடக்கியது வீடுதான்.

வாசல் என்ற தடுப்பு

விடியற்காலையில் வாசல் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, கோலம் போடுவதை மங்கலம் என்கிறார்கள். வேலை என்று பார்த்தால் அதில் ஒரு நல்ல தொழில்நுட்பமும் இருக்கிறது. சாணியில் இருக்கும் நாரும் பிசுபிசுப்பும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு மேலே மெல்லிய ஏடு மாதிரி ஒரு பொருக்கு நிற்கும். காற்றடித்தால் மண் கிளம்பாது. மெக்காடம் ரோட்டில் தண்ணீரும் கல்மாவும் செய்கிற அதே வேலை! ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தினம் பத்தடி ரோடு போட்டுக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் இன்னொரு தடவை தண்ணீர் தெளிப்பதும் இதற்குத்தான் உதவியது. ஆடு மாடு திரும்பும் நேரமும் வண்டிகள் வீடு சேரும் நேரமும் அதுதான்.

வீட்டின் அமைப்பும் படிப்படியான தடுப்புதான். முதலில் வாசல், பிறகு திண்ணை, அதன் பிறகு நடை, பிறகுதான் கூடம். கால் கழுவ வாசல் ஓரத்தில் ஒரு தொட்டியோ குடமோ இருக்கும். நிலைப்படியில் ஒரு கோணிச் சாக்கு. திண்ணையை மறைத்துக் கீற்றுத் தட்டி. ரோட்டுப் பக்கம் சின்ன ஜன்னல், உள்ளே முற்றத்துப் பக்கம் பெரிய திறப்பு. வெளிச்சமும் காற்றும் வானத்திலிருந்து வரட்டும், ரோட்டிலிருந்து வர வேண்டாம் என்ற ஏற்பாடு. இன்றைக்குக் கட்டும் வீடுகளில் ரோட்டைப் பார்த்து அகலமான ஸ்லைடிங் ஜன்னல் வைத்துவிட்டுப் பிறகு தூசி தூசி என்று அலுத்துக்கொள்வதைப் பார்த்தால் பழைய கொத்தனார் சிரிப்பார்.

புழுதி விழும் விதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் படிகளின் அர்த்தம் புரியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள மண் துகள், காற்று அசையாமல் இருந்தால், ஆள் உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான் துகளுக்கு நாலைந்து நிமிஷம் ஆகும். 2.5 மைக்ரான் துகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிதக்கும். பெரியது வாசலில் விழும், நடுத்தரம் திண்ணையில் படியும், நுண்ணியது கூடம் வரை வரும். மூச்சில் ஆழமாக இறங்குவதும் அந்த நுண்ணியதுதான்.

மாட்டு வண்டிக்கும் இதே கவலை இருந்தது. அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து மசகு போடுவார்கள். பழைய மசகில் மணல் ஒட்டிக்கொண்டால் அது மசகாக இருக்காது, அரம் மாதிரி அச்சை ராவும். ஆகவே பழையதை வழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். கோடையில் மரச் சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடாமல் இருக்க வண்டியைக் குளத்திலோ ஆற்றிலோ இறக்கி ஊறவைப்பார்கள். வண்டி கழுவினது போலவும் ஆச்சு, சக்கரம் இறுகினது போலவும் ஆச்சு.

மோட்டார் வந்தது, புழுதி எழுந்தது

வேலூரில் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர், நடந்து வர முடியாத கிராமத்து நோயாளிகளைத் தேடித் தானே போக ஆரம்பித்தார். முதலில் மாட்டு வண்டியில், பிறகு மோட்டார் காரில். குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நோயாளிகள் காத்திருப்பார்கள். இன்றும் சி.எம்.சி. வரலாற்றில் இதை ரோட்சைடு என்றே சொல்கிறார்கள். மாட்டு வண்டிக்காகப் போட்ட ரோட்டில் மோட்டார் ஓடத் தொடங்கிய காலம் அது.

அங்கேதான் உலகம் முழுக்கக் கப்பி ரோடு தோற்றது. இரும்புச் சக்கரம் கல்லை அரைத்துப் பசையை உண்டாக்கியது. வேகமாகச் சுழலும் ரப்பர் டயர் அந்தப் பசையை உறிஞ்சி எடுத்துக் காற்றில் வீசியது. ஒருபுறம் ரோடு ஜல்லி ஜல்லியாகப் பிரிந்தது, இன்னொருபுறம் ரோட்டோர வீடுகள் வெளுத்தன. ஐரோப்பாவில் பணக்காரர்கள் ஓய்வெடுக்கும் மொனாக்கோவிலேயே இந்தத் தொல்லை தாங்க முடியவில்லை. அங்கிருந்த சுவிஸ் டாக்டர் எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி 1902இல் ரோட்டின் மேல் சூடான தாரைப் பூசிப் பார்த்தார். புழுதி அடங்கியது. அவருக்குத் தார் டாக்டர் என்றே பெயர் வந்துவிட்டது! கிட்டத்தட்ட அதே சமயம் இங்கிலாந்தில் எட்கர் பர்னெல் ஹூலி இரும்பு உலைக் கசடில் தார் கலந்து ரோடு போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1908இல் பாரிஸில் கூடிய முதல் சர்வதேச சாலை மாநாட்டிலும் மோட்டாரும் புழுதியும் முக்கியப் பேச்சு.

இதைக் கவனியுங்கள். தார் ரோட்டின் பிறப்புக்குப் புழுதி ஒரு பெரிய காரணம். பயணம் வழவழவென்று இருக்க வேண்டும் என்பதற்கு முன்பே, புழுதியை அடக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் கவலைப்பட்டார். மாட்டு வண்டிக் காலத்தில் கிளம்பிய புழுதி ரோட்டோர வீட்டாரின் தலையெழுத்தாக இருந்தது. அதே புழுதி கனவான்களின் முகத்தில் படிந்ததும் சர்வதேசப் பிரச்சினை ஆகிவிட்டது.

பெட்ரோலில் இரண்டு அணா

இந்தியாவில் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் 1927இல் ஒரு குழு அமைந்தது. ரோடுகள் உள்ளாட்சிகளின் சக்திக்கு மீறிப் போய்விட்டன, மத்திய அரசும் தோள் கொடுக்க வேண்டும் என்று 1928இல் அது அறிக்கை தந்தது. அதன்படி 1929இல் பெட்ரோல் வரியை கேலனுக்கு 4 அணாவிலிருந்து 6 அணாவாக உயர்த்தினார்கள். கூடுதல் இரண்டு அணா ரோடு நிதிக்கு. 1934இல் இந்திய சாலைக் காங்கிரஸ் தோன்றியது. 1943இல் நாக்பூரில் கூடிய பொறியாளர்கள் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வகை பிரித்து நாட்டுக்கே ஒரு திட்டம் போட்டார்கள்.

அந்த இரண்டு அணா ஒரு பெரிய மாற்றம். ரோட்டைத் தேய்க்கிறவரே ரோட்டுக்குப் பணம் கொடுக்கட்டும் என்ற எண்ணம் முதல் தடவையாக நாடு முழுவதற்கும் பொதுவான வரியாக மாறியது. ஆனால் பணம் முதலில் போனது நெடுஞ்சாலைகளுக்கு. சென்னை - பெங்களூர் வழி கறுத்தது. அதிலிருந்து பிரியும் கிளைகள் வெகுகாலம் கப்பியாகவும் சரளையாகவும் மண்ணாகவும் கிடந்தன. மெயின் ரோட்டில் எத்தனைக்கெத்தனை வேகமாக வண்டிகள் வந்தனவோ, அத்தனை லாரிகளும் ஊருக்குள் திரும்பும் இடத்தில் புழுதியைக் கிளப்பின.

கிராமச் சாலைகளுக்குப் பெரிய அளவில் மத்திய நிதி வந்தது 2000 டிசம்பர் 25ஆம் தேதி தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தோடுதான். அதே ஆண்டு வந்த மத்திய சாலை நிதிச் சட்டம் டீசல் மீது வசூலிக்கும் தீர்வையில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கியது. 1929இல் பெட்ரோலில் ஏறிய கணக்கு கிராமத்து வாசலுக்கு வந்து சேர எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது!

தோல் வட்டாரத்தின் தனிச் சிக்கல்

மற்ற ஊர்களில் புழுதிக்கு மருந்து தண்ணீர். இங்கே அந்த மருந்திலேயே கோளாறு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஊர்களின் தோல் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆம்பூர் ஷூ உலகம் முழுக்கப் போகிறது. முன்பு ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஏற்றுமதியானது. 1970களில் அரசு பச்சைத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையான சரக்கை ஊக்குவித்தது. குரோம் பதனிடுதலும் ரசாயனங்களும் பெருகின. இது ஒரு புறம். இன்னொரு புறம் உப்பு. அறுத்த தோல் கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்புப் போடுவார்கள். டேனரிக்கு வந்ததும் அந்த உப்பை உதறிக் கழுவ வேண்டும். கழுவிய நீர் பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் ஏரி குளங்களிலும் நிலத்திலும் போய்ச் சேர்ந்தது. உப்பு மண்ணில் இறங்கினால் கிணற்றில் ஏறும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதைவிட முக்கியம், மாசுபடுத்துகிறவரே அதைச் சரிசெய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தார்கள். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். பிறகு அமைந்த ஆணையம் 2001இல் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை என்பதால்தான் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

புழுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். உப்புக் கிணற்றுத் தண்ணீரை வாசலில் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளை பூக்கும். அந்த நீரில் பைக் கழுவினால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும், நட்டு போல்ட்டில் துரு ஏறும். நல்ல தண்ணீரோ காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து வர வேண்டும், அல்லது கேனில் வாங்க வேண்டும். அதை எடுத்து ரோட்டில் தெளிக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே இந்த வட்டாரத்துக் கிராவல் ரோட்டோர வீடு இரண்டு பேர் விட்டுப்போன கணக்கைச் சுமக்கிறது. ரோடு அனுப்புவது புழுதி. நிலத்தடி அனுப்புவது உப்பு.

தண்ணீரைச் சிக்கனம் செய்து சுத்தம் செய்யும் வழிகள்

இந்த நிலைமையில் வீடுகளும் மெக்கானிக் கடைகளும் அனுபவத்தில் கண்டுபிடித்தவை சில உண்டு. காரணத்தோடு தெரிந்துகொண்டால் உபயோகமாக இருக்கும்.

வண்டி போனதும் துடைப்பத்தை எடுக்கக்கூடாது. ஐந்து நிமிஷம் ஜன்னலைச் சாத்திவைத்து, படிய விட்டுப் பிறகு துடைத்தால் ஒரே வேலை. காய்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் நுண்ணிய தூசி மறுபடி கிளம்பி அடுத்த ஒரு மணி நேரம் மிதக்கும். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் அரை வாளி போதும். மேலிருந்து கீழே வர வேண்டும். ஃபேன், அலமாரி, பிறகு தரை.

பைக்கையோ காரையோ காய்ந்த துணியால் துடைப்பதுதான் பெரிய தப்பு. கிராவலில் இருக்கும் படிகக்கல் துகள் கண்ணாடியைவிடக் கடினம், பெயின்ட்டைக் கேட்கவே வேண்டாம். முதலில் ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து வழியவிட்டு மண்ணை இறக்கிவிட்டுப் பிறகு துணி வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் உடனே துடைத்து உலர்த்துவது கட்டாயம்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் மொபெட் பெருகியது. அதன் பிறகு புழுதியின் முதல் பலி ஏர் ஃபில்டர். அது அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், புகை கக்கும். ஸ்பாஞ்சு ஃபில்டரைக் கழுவி உலர்த்தி லேசாக எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது, உள்பக்கத்திலிருந்து காற்றடித்துத் தட்டலாம், அடைத்துப்போனால் மாற்ற வேண்டும். புழுதி ரோட்டில் ஓடும் வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். செயினில் பழைய எண்ணெயின் மேலேயே புதிய எண்ணெய் விடக்கூடாது. மாட்டு வண்டி மசகுக்குச் சொன்ன அதே பாடம்!

ரோட்டோரத்தில் வேலி மரங்கள் இருந்தால் இலை கொஞ்சம் புழுதியைப் பிடித்துக்கொள்ளும், நிழல் ரோட்டின் ஈரத்தைக் காக்கும். பழைய டிரங்க் ரோடுகளின் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் நிழலும் தந்தன, ஏலத்தில் வருமானமும் தந்தன. நான்கு வழிச் சாலைக்காக அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது.

எல்லாவற்றையும்விடச் செலவில்லாத மருந்து வேகத்தைக் குறைப்பது. கிராவல் ரோட்டில் கிளம்பும் புழுதி ஏறக்குறைய வேகத்துக்குத் தக்கபடி கூடும். 40 கிலோமீட்டரில் போகும் லாரி 20இல் போனால் புழுதி சுமாராகப் பாதியாகும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், இந்த மருந்தைச் சாப்பிட வேண்டியவர் ஓட்டுநர். குணமாவது வேறொருவர் வீடு.

ரோட்டுக்கே மருந்து

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கிராவல் ரோட்டின் மேல் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் புழுதியைப் பிடித்து வைக்கும். நல்ல முறைதான். ஆனால் இவையும் உப்பு வகை. மழை பெய்தால் கரைந்து பக்கத்து நிலத்துக்கும் கிணற்றுக்கும் போகும். ஏற்கெனவே உப்பால் கெட்ட பாலாற்றுப் படுகைக்கு இது ஏற்றதல்ல. ஒரு ஊர் மருந்து இன்னொரு ஊருக்கு விஷமாகலாம்.

இங்கே பொருத்தமான வழி, ரோட்டை ஒழுங்காக உருட்டி, நடுவை மேடாக்கி, வாய்க்கால் எடுத்து, மேலே தார் போடுவது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கி ஜல்லியின் மேல் பூசித் தாரோடு சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகள் பலவற்றில் அது பயன்பட்டிருக்கிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தார் போட முடியாத சந்துகளுக்கு சிமென்ட் ரோடோ, பேவர் கல்லோ போடலாம். மெக்காடம் இருநூறு வருஷத்துக்கு முன் சொன்ன வாய்க்காலை மட்டும் எதிலும் விட்டுவிடக்கூடாது. தண்ணீர் தேங்கினால் தார் பெயரும், தார் பெயர்ந்தால் மறுபடி ஜல்லி, மறுபடி புழுதி.

கடைசியாக ஒரு கணக்கு

கிராவல் ரோட்டிலிருந்து பறப்பது வேறு எங்கிருந்தோ வந்த தூசி இல்லை. அது அந்த ரோடுதான். பஞ்சாயத்துப் பணத்தில் கொட்டிய கிராவலின் நுண்ணிய பகுதி டயரில் அரைபட்டுக் காற்றேறித் திண்ணைக்கு வருகிறது. கூட்டிக் குப்பையில் போடுகிறார்கள். ரோடு மெலிகிறது. மறுபடி கிராவல் கொட்டுகிறார்கள். அதற்கு பில் உண்டு, கையெழுத்து உண்டு, தணிக்கை உண்டு. கூட்டியதற்கு ஒன்றும் இல்லை.

1866இல் நிலவரியில் ரோட்டுக்குக் கணக்கு எழுதினார்கள். 1929இல் பெட்ரோலில் எழுதினார்கள். 1996இல் இதே வட்டாரத்துக்காரர்கள் போட்ட வழக்கில், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்கட்டும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் எழுதியது. தண்ணீருக்குச் சொன்ன அந்த நியாயம் புழுதிக்கும் பொருந்தும். அதற்கு இன்னொரு வழக்கு போட வேண்டியதில்லை. ஒரு ரோட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது ஜல்லி, தார், கூலி என்று எழுதும் பட்டியலில், அந்த ரோடு மண்ணாகவே கிடந்தால் அதன் ஓரத்து நூறு வீடுகள் தினம் அரை மணி நேரம் கூட்டுவதையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்த்தால் போதும். நூறு வீடு, அரை மணி, 365 நாள். வருஷத்துக்கு 18,250 மணி நேரம்!

அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தார் ரோடு அவ்வளவு விலை அதிகமாகத் தெரியாது.